வழிப்பயண நேரம்

ஊவாவின் தோட்டங்களில் அனுமதியின்றி வேலையை விட்டு நீங்குவது ஒரு காலத்தில் குற்றம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்கு 3 மாதம் வரை சிறை விதித்தது. துரை முறையிட்டால் பிடியாணை பிறக்கும். பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லப்படுவார். அந்த வழிதான் இங்கே கவனிக்கத்தக்கது.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைக் கோவை பொலிசாருக்கு ஓர் எல்லை வகுத்தது. பிடியாணையின்றிக் கைதானவரை 24 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைத்தலாகாது. அதற்குள் நீதவான் முன் நிறுத்தல் வேண்டும். ஆனால், கைதான இடத்திலிருந்து நீதவானிடம் செல்லத் தேவையான பயண நேரம் அக்கணக்கில் சேராது. சமவெளியில் இது சிறு விலக்கு. மலைநாட்டிலோ? புகையிரதம் பண்டாரவளைக்கு 1894இலேயே வந்துவிட்டது. பதுளையை அடைய 1924 ஆயிற்று. அதுவரை வளைந்து வளைந்து இறங்கும் பாதையே துணை. அப்பாதையில் காவலரையும் கைதியையும் தவிர வேறு சாட்சி ஏது?

ஆயினும், தப்பியோடாது தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் கைதியைக் கட்டுப்படுத்தலாகாது என்றும் விதி இருந்தது. பிடியாணையுடன் பிடிபட்டவருக்கும் அது பொருந்தும், நடுவழியிலும் பொருந்தும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இவ்விரு விதிகளையும் ஏற்றுக்கொண்டது. பயண நேர விலக்கையும் விட்டுவிடவில்லை.