எர்ல்கோனிக்

ஜெர்மானியக் கவிதையில் உலவும் மாய அரசனின் பெயர். மொழிபெயர்ப்புப் பிழையொன்றில் ஜனித்தவன் என்றே இவனைக் கூறல் தகும். இரவில் குதிரையேறி வரும் ஓலுப் பிரபுவை நடனமாட அழைத்து, அவன் மறுத்ததும் நெஞ்சில் அடித்து மாய்க்கும் கன்னிகையைப் பற்றிய டேனிய நாட்டுப்பாடலை ஜெர்மனில் பெயர்த்த ஹெர்டர், அவள் தந்தை எல்ஃப் என்னும் யட்சகுலத்து அரசனாயிருக்க, அக்குலப் பெயரை ஆல்டர் மரத்தின் பெயரோடு மயங்கி, 'ஆல்டர் அரசன்' என்று பொருள்படும் சொல்லை ஆக்கிவிட்டார். 1782-இல் கதே அப்பெயரையே ஏற்று, தந்தையின் அணைப்பில் குதிரைமீது விரையும் சிறுவனுக்கு மட்டும் புலப்படும் மகுடதாரியாக அவனைப் படைத்தார். தந்தையின் கண்ணுக்கோ அது வெறும் மூடுபனி. நெஞ்சை உலுக்கும் இக்காட்சிக்கு ஷூபர்ட் 1815-இல் இசையமைத்தார். பிரெஞ்சு மொழியிலும் இவன் ஆல்டர்களின் அரசனாகவே வழங்கலானான்.