மட்டக்களப்புக் கிராமங்களும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் – ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே, எழுவான்கரையில் அமைந்த தேற்றாத்தீவு என்னும் ஊர்ப்பெயர் தேற்றா மரத்தை நினைவூட்டுவதாகும். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, கலங்கிய நீரைத் தெளியவைத்துப் பருகும் வழக்கம் தமிழரிடையே மிகத் தொன்மையானது. தெளிந்த நீரெல்லாம் கிருமியற்ற நீராகிவிடாது என்பது உண்மையே. எனினும் நோய்க்கு மருந்தைத் தேடுமுன் நீரைக் கவனித்த ஒரு சமூகத்தை இவ்வழக்கத்திற் காண்கிறோம். பரியாரிமாரின் மருந்தோடு வாழ்ந்த அச்சமூகத்தின் கைக்கு நுண்ணுயிர்க்கொல்லி வந்துசேர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட காலத்திலேயாகும்.

மிஞ்சிய குளிசையை அடுத்த காய்ச்சலுக்கென எடுத்து வைப்பதும், அயலவருக்குக் கொடுத்துதவுவதும், பழைய உறையைக் கடையிற் காட்டி அதே குளிசையைக் கேட்பதும் கிராமத்தவரின் அறியாமை எனக் கூறிவிடுவது எளிது. வரலாற்றை நோக்குமிடத்து, அவை தட்டுப்பாடு கற்பித்த சிக்கனம் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

இத்தட்டுப்பாடு இயற்கையாக நேர்ந்ததன்று. பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அளித்த அறிக்கையின் வழி, 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் பொதுப்பெயராலேயே வாங்குவதும், தேவையற்ற மருந்துகளைப் பட்டியலிலிருந்து நீக்குவதும் அதன் கொள்கைகளாயின. 1974 இல் கொலரா பரவியபோது, கூட்டுத்தாபனம் வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு றெற்றாசைக்கிளின் தயாரித்துத் தர ஃபைசர் நிறுவனம் இணங்கவில்லை. அமெரிக்கத் தூதுவரும் இவ்விடயத்தில் தலையிட்டார். ஈற்றில் அதிக விலை கொடுத்து விமானத்தில் மருந்தைத் தருவிக்க நேர்ந்தது. நாடு முழுவதற்கும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி எட்டாப் பொருளாயிருந்த காலம் அது! பிபிலே 1977 இல் கயானாவிற் காலமானார்.

பின்னர் போர் வந்தது. 1990 களில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் பொருள்கள் செல்வது கட்டுப்படுத்தப்பட்டபோது மருந்தும் அதற்கு விலக்காகவில்லை. தோணித்துறை கடந்து வந்த ஒரு குளிசை அட்டையை நோய் தணிந்ததும் வீசிவிட எந்தத் தாய்க்கு மனம் வரும்? 2004 இல் ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தபோதோ நிலைமை தலைகீழானது. எவரும் கேளாத, பெயரே விளங்காத மருந்துகளும் நன்கொடையாக நாட்டுக்கு வந்து குவிந்தன.

இனி, எதிர்ப்பாற்றல் பற்றிய விளக்கத்துக்கு வருவோம். ‘உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது’ என்னும் கூற்று எமது கிராமங்களுக்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் 12 நாடுகளில் நடத்திய ஆய்வில், 76 சதவீதத்தினர் இவ்வாறே கருதினர். உண்மையில் மாறுவது உடலன்று, கிருமியே. மருந்துக்கு ஆட்படும் கிருமிகள் மடிய, அதைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகுகின்றன, பிறருக்கும் தொற்றுகின்றன. ஆதலால் அம்மருந்தை ஒருபோதும் உட்கொள்ளாத ஒருவரும் அதனாற் குணப்படாத நோய்க்கு ஆளாகலாம். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 இல் ஆற்றிய நோபல் உரையிலேயே, கணவன் போதிய அளவின்றி உட்கொண்ட பெனிசிலின் மனைவியின் உயிரைப் பறிப்பதாக ஒரு கற்பனைக் கதை கூறி எச்சரித்தார். தடிமனுக்குக் காரணம் வைரசு; அதன்மீது நுண்ணுயிர்க்கொல்லிக்கு வலிமையில்லை. அவ்வேளை உட்கொள்ளும் குளிசை, குடலில் வாழும் பற்றீரியாக்களிடையே எதிர்ப்பாற்றல் உடையவற்றையே வளர்த்துவிடுகின்றது.

‘மருந்தைக் குறையுங்கள்’ என்னும் அறிவுரை, மருந்துக்காகக் காத்திருந்த மக்களின் செவியில் வேறொரு பொருள் தருவதை நம் அறிஞர் போதியளவு எண்ணியதாகத் தெரியவில்லை. இவ்விடத்தில் பிபிலே மீண்டும் நினைவுக்கு வருகிறார். தேவைப்பட்டவருக்கு மருந்து கிடைக்கவேண்டும் என வாதிட்ட அவரே தேவையற்ற மருந்தைக் கைவிடவும் வாதிட்டார். அவருக்கு அவை இரண்டும் ஒரே கொள்கையின் பகுதிகள்.

மருத்துவரின் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லியை விற்றலாகாது என்பது இலங்கைச் சட்டம். ஆயினும் ஒரு நாட்கூலியை இழந்து வைத்தியசாலை வரிசையில் நிற்பதா, சந்திக் கடையில் நான்கு குளிசை வாங்குவதா என்னும் வினா, வயலுக்குச் செல்லும் ஒருவருக்குச் சட்டப் பிரச்சினையாகத் தோன்றுவதில்லை. அன்றைய அடுப்பெரியுமா என்ற கணக்காகவே அது தோன்றுகின்றது.