நீருக்கும் விளக்கிற்கும் விலை வந்த கதை

மலாயாவில் மின்சாரத்தை முதன்முதல் வழங்கச் செய்தோருள் ஒருவர் தமிழர். 1894-ஆம் ஆண்டில் லோக் யூ என்னும் சீனச் செல்வரும் நம் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங் ஈயச் சுரங்கத்தில் அதனைப் பயன்படுத்தினர். பத்துமலைக் கோயிலால் பிள்ளையவர்களை அறியாதார் இலர். மின்சாரத்தால் அறிந்தவரோ மிகச் சிலரே. கோயிலைப் போற்றும் ஊக்கம் தொழிலைப் போற்றுவதில் நமக்கு இல்லை போலும்!

அவ்வொளி தோட்டத்து லயங்களை எளிதில் அடையவில்லை. பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சாரில் 1920-களிலேயே பத்து ஆராங் நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கினர். பால்மரம் வெட்டச் செல்வோரோ மண்ணெண்ணெய் விளக்கின் துணைகொண்டே விடியுமுன் எழுந்தனர்.

ஆயினும் லயத்தில் நீருக்கு பில் இல்லை. வீடும் நீரும் முதலாளியைச் சார்ந்தவை. குழாய்நீரை இலவசமாகத் தருதல் முதலாளியின் கடமையென்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும் விதித்தது. ஆனால் அக்காலத்திலேயே தோட்டங்கள் பல வீட்டுமனைகளாக மாறிக்கொண்டிருந்தன. வேலை போயிற்று; வேலையோடு வீடும், வீட்டோடு விலையில்லா நீரும் போயின. கிள்ளான் அடுக்குமாடிகளிற் குடியேறிய நம்மவர்க்கு மாதந்தோறும் பில் வரலாயிற்று.

2008 ஜூனில் சிலாங்கூர் மந்திரி புசார் காலிட் இப்ராஹிமின் அரசு, வீடொன்றுக்கு மாதம் 20,000 லிட்டர் நீரை இலவசமாக்கியது. அன்றைய விலையில் அது 11 வெள்ளி 40 காசு. நீர் தந்த நிறுவனம் ஒன்றேயாயினும், கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகலின், பிரிக்பீல்ட்ஸ்வாசி பணம் கட்டினான், கிள்ளான்வாசி கட்டவில்லை!

அவ்வாண்டு அக்டோபரில் கூட்டரசும் 20 வெள்ளிக்கு மேற்படாத மின்சார பில்லைத் தானே ஏற்றது. இதில் ஒரு பிழை உண்டு. எட்டுப் பேர் நெருங்கி வாழும் ஏழை வீடு அவ்வரம்பைத் தாண்டிவிடும். பூட்டிக் கிடக்கும் செல்வர் வீடு தாண்டாது. அளவைப் பார்த்தனர், ஆளைப் பார்த்திலர்.

ஆளைப் பார்க்கும் முறை பின்னர் வந்தது. 2019 முதல், இ-காசே என்னும் வறியோர் பதிவேட்டில் உள்ளவர்க்கு மாதம் 40 வெள்ளி வரை மின்சாரக் கழிவு அளிக்கப்பட்டது. 2020 மார்ச்சில், குடும்ப வருமானம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்க்கே இலவச நீர் என்றாயிற்று. நியாயமான முறையே. ஆனால் முன்னது கேளாமலே கிடைத்தது. பின்னதற்கு விண்ணப்பம் வேண்டும்.

தோட்டத்துக் கிராணியாகிய எம்மிடம், லயத்தை விட்டுச் சென்ற மூதாட்டி ஒருவர் தண்ணீர் பில்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கொணர்ந்தார். "ஏன் ஐயா திடீரென்று ஏறிவிட்டது?" என்றார். குழாய் ஒழுகுகிறதென்று எண்ணி இருமுறை ஆள் வைத்துப் பார்த்தாராம். கணக்கோ மறைந்த கணவர் பெயரில் இருந்தது. பெயரை மாற்றி விண்ணப்பமும் எழுதினோம். கட்டிய பழைய பணம் திரும்பி வருமா என்று வினவினார். வராது என்றோம். அவர் பில்களை எண்ணி மீண்டும் பையிலேயே வைத்துக்கொண்டார்.