கைவிட்ட தியானம் திரும்பி வந்த கதை

இன்றைய கிறிஸ்தவத் தியான இயக்கமொன்றின் வேரைத் தேடியபோது, அது மலாயாவில் ஓர் இந்துத் துறவியிடம் சென்று முடிவதைக் கண்டேன்.

1950களில் பிரித்தானியக் காலனித்துவச் சேவையில் அங்கு பணியாற்றிய ஜோன் மெயின், சுவாமி சத்தியானந்தாவிடம் ஒரே சொல்லை மனதுக்குள் உச்சரித்துத் தியானிக்கக் கற்றார். 1959இல் லண்டனின் ஈலிங் பெனடிக்டைன் மடத்தில் சேர்ந்தார். அது கிறிஸ்தவச் செபமல்ல எனக் கருதிய பயிற்சிப் பொறுப்பாளர் கைவிடச் சொன்னார்; பணிந்தார்.

சுமார் பத்தாண்டுகளின் பின், பாலைவனத் துறவிகளின் போதனைகளை எழுதிய ஜோன் காசியனின் நூலில் அதையொத்த செபமுறையைக் கண்டு மீண்டும் தொடங்கினார். 1975இல் ஈலிங்கில் தியானக் குழுக்களை ஆரம்பித்தார். அவர் பரிந்துரைத்த சொல் 'மாரநாதா'. அரமேய மொழியில் 'ஆண்டவரே வாரும்'.

1982இல் அவர் மறைந்தார். 1991இல் உலக கிறிஸ்தவத் தியான சமூகம் உருவானது.

பிற மதத்தவரிடம் கற்றால் தம் நம்பிக்கை கரைந்துவிடும் என அஞ்சுவோருக்கு இந்த வரலாற்றையே சொல்வேன்.