இரண்டாம் இடத்து மேதைகள்

தேர்வு முடிவு வெளிவந்தவுடன், "முதலில் வந்தவர் யார்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். இதே கேள்வியை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுப் பார்த்துவிட்டு, வரிசைப் பட்டியலே வேண்டாம் என்று விட்டுவிட்ட பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. அது இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ். அந்த வரலாற்றை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

கேம்பிரிட்ஜின் கணிதப் பட்டத் தேர்வுக்கு 'டிரைபாஸ்' என்று பெயர். அதில் முதல் வகுப்பில் தேறியவர்களை 'ராங்ளர்' என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, தேறியவர்களின் பெயர்கள் தகுதி வரிசைப்படி வெளியிடப்பட்டன. பட்டியலில் முதல்வர் 'சீனியர் ராங்ளர்'. செய்தித்தாள்கள் அவர் புகழைப் பரப்பின. கடைசியாகத் தேறியவருக்கோ, உடன் பயின்றவர்கள் பெரிய மரக்கரண்டி ஒன்றைப் பரிசளித்துக் கேலி செய்தார்கள்!

தேர்வு எளிதன்று. 1854ஆம் ஆண்டில் 8 நாட்களில் 16 வினாத்தாள்கள். மொத்தம் 211 வினாக்கள். எழுதும் நேரம் நாற்பத்து நான்கரை மணி. நின்று நிதானித்துச் சிந்திக்க நேரமேது? கணக்கைப் பார்த்தவுடன் விரைந்து எழுதப் பழகியவரே முந்தினார். அந்த வேகத்தைப் பழக்குவதற்கென்றே தனிப் பயிற்சியாசிரியர்கள் இருந்தார்கள்.

அவ்வாண்டு முதலிடம் பெற்றவர் எட்வர்டு ரௌத். இரண்டாமவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே கோட்பாட்டில் இணைத்து, ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று 1865இல் வெளியான கட்டுரையில் விளக்கிய அதே மாக்ஸ்வெல்தான்! வானொலி முதல் கைப்பேசி வரை யாவும் அக்கோட்பாட்டுக்குக் கடன்பட்டவை.

இது தற்செயல் என்று எண்ணிவிடாதீர்கள். 1845இல் இரண்டாம் இடம் பெற்ற வில்லியம் தாம்சன்தான் பின்னாளில் கெல்வின் பிரபு ஆனார். வெப்பநிலை அலகு ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1880இல் இரண்டாம் இடம் பெற்றவர் ஜே. ஜே. தாம்சன், 1897இல் எலெக்ட்ரானைக் கண்டறிந்தவர் அவரே.

அப்படியானால் முதலிடம் பெற்றவர்கள் திறமையற்றவர்களா? அவ்வாறு சொல்வது பெருந்தவறு. ஸ்டோக்ஸ், கெய்லி, ராலே பிரபு, எடிங்டன் ஆகிய பேரறிஞர்கள் சீனியர் ராங்ளர்களே. ரௌத்தும் சிறந்த ஆய்வாளர். பல முதல் மாணவர்களை உருவாக்கிய ஆசிரியர். ஆகவே மதிப்பெண் பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்லும் செய்தி மிகச் சிறியது. படித்த பாடத்தில், பிறர் கேட்ட வினாவுக்குக் குறித்த நேரத்தில் விடையெழுதும் திறனை அது காட்டும். புது வினாவை எழுப்பும் துணிவையும், ஒரே சிக்கலோடு ஆண்டுக்கணக்கில் போராடும் பொறுமையையும் அதனால் அளக்க முடியாது.

இதற்குச் சான்று கேம்பிரிட்ஜிலேயே உண்டு. உயர்கணிதத்தில் ஆழ்ந்த அறிவைச் சோதிக்க 'ஸ்மித் பரிசு' என்ற மற்றொரு தேர்வு இருந்தது. 1845இல் அதில் தாம்சன் முதல்வரானார். 1854இல் ரௌத்தும் மாக்ஸ்வெல்லும் சமமாக வந்தார்கள். ஆட்கள் அவர்களே, அளவுகோல் மாறியதும் வரிசையும் மாறிவிட்டது!

பட்டியலில் இடம்பெறும் வாய்ப்பும் எல்லாருக்கும் கிட்டவில்லை. 1890இல் பிலிப்பா ஃபாசெட் என்ற பெண், சீனியர் ராங்ளருக்கும் மேலான இடம் பெற்றார். ஆனால் பெண் என்பதால் அவருக்குப் பட்டம் தரப்படவில்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுமையான பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான்.

1898இல் நான்காம் இடம் பெற்ற ஜி. எச். ஹார்டி, இந்த முறை கணிதத்துக்கே கேடு என்று கருதிச் சீர்திருத்தத்துக்குப் போராடியவர்களுள் ஒருவர். 1909ஆம் ஆண்டோடு தகுதி வரிசைப் பட்டியல் நின்றது.

நான்காண்டுகளுக்குப் பின், 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுகக் கழக எழுத்தர் ஒருவரின் கடிதம் ஹார்டிக்கு எழுதப்பட்டது. கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தவர், எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர், பட்டமில்லாமல் வறுமையில் வாடியவர். அவர்தான் சீனிவாச இராமானுஜன். ஹார்டி கடிதத்திலிருந்த தேற்றங்களைப் பார்த்தார். அவையே போதுமான சான்றாயின. 1918இல் இராமானுஜன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

மாணவ நண்பர்களே! மதிப்பெண் சில கதவுகளைத் திறக்கும், சிலவற்றை மூடும். எனவே ஊன்றிப் படியுங்கள். குறைந்துவிட்டால், எந்தப் பகுதி விளங்கவில்லை என்று தேடிப் பாருங்கள். மதிப்பெண் பட்டியலின் உண்மையான பயன் அதுவே. "நான் அறிவிலி" என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். அப்படித் தீர்ப்புச் சொல்லும் ஆற்றல் எந்த வினாத்தாளுக்கும் இல்லை.