வீட்டு வரி ரசீதில் ஒரு நூலகம்

வீட்டு வரி ரசீதை முழுசாகப் படிப்பவர்கள் குறைவு. அதில் 'நூலக வரி' என்று ஒரு வரி இருக்கும். நூறு ரூபாய் சொத்து வரிக்குப் பத்து ரூபாய்.

இதற்கு அடிப்படை 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். எஸ்.ஆர்.ரங்கநாதனின் முயற்சியாலும், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவாலும் நிறைவேறிய இதுதான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதே ஆண்டு மார்ச்சில்தான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது. மன்னராட்சி பார்த்த ஊரிலும், நூலகம் என்பது யாரோ தரும் தானமல்ல, மக்களின் சொந்தப் பணம் என்றானது.

1972-இல் பொது நூலகத்துறைக்குத் தனி இயக்ககம் வந்தது. முதல் இயக்குநர் வே.தில்லைநாயகம். 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. இங்கே மாவட்ட மைய நூலகம் முதல் ஊர்ப்புற நூலகம் வரை மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பொறுப்பு. நகராட்சியும் ஊராட்சியும் வசூலித்த வரியை அதனிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கே பாக்கி விழுந்தால் இங்கே புத்தகம் குறையும்.

வரி கட்டுகிற எல்லாரும் நூலகத்தின் பங்குதாரர்களே. பங்குதாரர்கள் எட்டிப் பார்க்காத கம்பெனி எப்படி நடக்கும் என்பது வணிகவியல் படிக்காதவர்களுக்கும் தெரியும்!