வீட்டிற் பதிந்த பாட்டு

கிராண்ட்பாஸ் வீடுகள் பலவற்றில் அலுமாரியின் மேற்தட்டில் இன்றும் ஒரு பெட்டி கசெற் இருக்கும். அவற்றுட் பெரும்பாலானவை வெற்று நாடாவிற் பிறரிடமிருந்து பதிந்தெடுத்தவை. இது களவா? மிஷன் பள்ளியிற் பத்துக் கட்டளைகளை மனனஞ் செய்த எமக்கு இக் கேள்வி எழுவது இயல்பே. பெரியோரைக் கேட்டாற் சிரிக்கிறார்கள்.

பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே நெடுங்காலம் இலங்கையிலும் செல்லுபடியாயிற்று. படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவிற் பிரதி செய்ய அது இடமளித்தது; கேட்டு மகிழ்வதற்கென்று இடமளிக்கவில்லை. ஆயினும் இசைத்தட்டை வீட்டில் வார்ப்பார் யார்? எனவே எவரும் கவலைப்படவில்லை.

நாடாக் கருவி வந்ததும் நிலைமை மாறியது. ஜேர்மனியில் இசையாசிரியர் சங்கமாகிய கேமா, கருவி செய்த குருண்டிக் கம்பெனிமீது வழக்குத் தொடுத்தது. வீட்டிற் பதிவதற்கும் ஆசிரியரின் அனுமதி வேண்டுமென 1955இல் உயர்நீதிமன்றம் தீர்த்தது. வீடு வீடாகச் சென்று பிடிப்பதெப்படி? 1965ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பிரதியை அனுமதித்து, கருவி செய்வோரிடமிருந்து ஆசிரியர்க்குப் பணம் பெற்றுக்கொடுத்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடு!

பிலிப்ஸ் கம்பெனி 1963இல் வெளியிட்ட கசெற், 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னரே இங்கே பெருகியது. மத்திய கிழக்கிலிருந்து திரும்பியோர் கருவியைச் சுமந்து வந்தனர். 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் சொந்த உபயோகத்துக்கான பிரதியை ஒப்புக்கொண்டது. ஆனால் தெருமுனை 'ரெக்கோடிங் பார்' காசுக்கன்றோ பதிந்தது! பாட்டுப் பட்டியலையும் வெற்று நாடாவையும் கொடுத்தாற் போதும். நிதி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப்பிசைப் பாடல்கள் இவ்வாறும் பரவின. அப் பதிவுக் கூலியிற் பாடகர்க்கு ஒரு சதமும் சேர வழியில்லை. சந்தையோ சிறியது. இதை நாம் குற்றமென்றே கொள்வோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1983 யூலையிற் கொழும்பிலே தமிழர் வீடுகள் எரிந்தபோது இசைத்தட்டுகளும் எரிந்தன. முன்பு உறவினர்க்குப் பதிந்து கொடுத்திருந்த நாடாவில் அப் பாட்டுகளை மீண்டும் கேட்டவர் உளர். சட்டத்தை எழுத்துக்கெழுத்து நோக்கின், தப்பிய பிரதி அனுமதியில்லாப் பிரதி. சொந்த உபயோகத்துக்கென்று வைத்த பிரதியோ வீட்டோடு எரிந்தது. மாமாவுக்குப் பதிந்து கொடுத்தவரையும் கூலிக்கு நூறு பதிந்தவரையும் ஒரே கூண்டில் நிறுத்த எமக்கு மனம் வரவில்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு ஒரே பிரதி என வரையறுத்தது. ஒலிப்பதிவுக்குரிய உரிமை வெளியீட்டின் பின் 50 ஆண்டுகள். பாட்டெழுதியவர்க்கும் இசையமைத்தவர்க்கும் ஆயுளும் அதன் பின் 70 ஆண்டுகளும்.

பெட்டியிலுள்ள நாடாக்களிற் பூஞ்சணம் ஏறுகிறது. இவ்விடுமுறையில் எம் வீட்டு நாடாக்களைக் கணினிக்கு மாற்றத் தொடங்கியுள்ளோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி வீதம். மச்சான் ஒருவர் இரண்டாவது பிரதி கேட்கிறார்.